இரவல் உறுதி

செலஸ்டினைச் சிறையிலிருந்து வெளியே விடலாமா என்று முடிவு செய்யப்போகும் மூன்று பேரில் நானும் ஒருத்தி என்று கடிதம் வந்தபோது, முதலில் உறையின் மேலிருந்த முகவரியைச் சரிபார்த்தேன். பெயர் நித்திலா, சரி. தெரு சரி. வாக்காளர் எண்ணும் சரி. வேறு வழியில்லாமல் விடுதலைக் குழு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"மேடம், எனக்கு இந்த விஷயத்துல கருத்துன்னு ஒண்ணும் கிடையாது. என்னைப் போய்க் குழுவுல போட்டிருக்கீங்க."

"அதுக்காகத்தான்மா போட்டிருக்கோம்" என்றார் மறுமுனையில் குழுச் செயலர் பரக்கத் நிஷா. "போன வருஷக் கருத்துக் கணக்கெடுப்புல நூறு கேள்விக்கு தொண்ணூத்திரண்டுக்கு 'சொல்லத் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. தூத்துக்குடி மாவட்டத்துலயே நீங்கதான் அதிகம்."

"மீதி எட்டு?"

"பதில் எழுதி அடிச்சிருக்கீங்க."

எங்கள் ஊரில் ஒவ்வொரு கைதியின் மனுவுக்கும் மூன்று பேர் கொண்ட குழு. தண்டனையை முழுசாக அனுபவித்தே ஆக வேண்டும் என்ற பக்கத்திலிருந்து ஒருவர், சிறையே குறைய வேண்டும் என்ற பக்கத்திலிருந்து ஒருவர், எந்தப் பக்கமும் சாயாதவர் ஒருவர். மூன்றாவது ஆளைத் தேடுவதுதான் கடினம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பகலில் உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மாலையில் சட்டப் பட்டய வகுப்பு என்று போய்க்கொண்டிருந்த நான் அவர்கள் கையில் அகப்பட்டுவிட்டேன். வகுப்பில் எங்கள் ஆசிரியர், "ஒரு பக்கம் எடுத்து வாதாடுங்கள்" என்பார். நான் இரண்டு பக்கத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும்.

வழக்கு இதுதான். செலஸ்டின், வயது நாற்பத்து மூன்று, மின்படகு வைத்திருந்த மீனவர். நான்கு வருடங்களுக்கு முன்னால், படகு பேட்டரிகளை மின்னேற்றும் கொட்டகையில் அவருக்குப் பதினோரு நாள் முறை கிடைக்கவில்லை. படகு கரையிலேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார். காவலாளி பிச்சையாவின் வலது கை வெந்துபோனது. தண்டனை ஏழு வருடம். நான்கு முடிந்திருக்கிறது. மீதியை வெளியிலிருந்து கழிக்க அனுமதிக்கும்படி மனு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் ஒன்பதே முக்காலுக்குப் போனபோது மற்ற இருவரும் வந்து, சண்டையையும் ஆரம்பித்திருந்தார்கள்.

தங்கபுஷ்பம் அக்கா மக்ரூன் இனிப்புக் கடை நடத்துபவர். மேசையில் ஒரு பெட்டி மக்ரூனை வைத்துவிட்டு, அதன் மூடியில் விரலால் தட்டித் தட்டிப் பேசினார். "கோர்ட்டு ஏழு வருஷம்னு சொல்லிச்சு. நாலு ஆச்சு. மீதி மூணு. இதுல கூடிப் பேச என்ன இருக்கு அண்ணாச்சி?"

இசக்கிராஜ் அண்ணாச்சி துறைமுகத் தொழிலாளர் சங்கச் செயலாளர். நான்கு பேர் உள்ள அறையிலும் நானூறு பேருக்குக் கேட்கும்படி பேசுவார். "மூணு வருஷம் கூடுதலா உள்ள கிடந்தா அவனுக்குப் புதுசா என்ன விளங்கப்போவுது? பதினோரு நாள் அவன் படகக் காயப்போட்டானே கொட்டகைக்காரன், அவன எந்த ஜெயில்ல போட்டீங்க?"

"என் கடைப் பூட்ட ரெண்டு தடவ உடைச்சானுவ. ரெண்டு தடவையும் ஒரே ஆளு. மொத தடவ உங்கள மாதிரி ஒருத்தர்தான் பாவம் பாத்து வெளிய விட்டாரு."

"வெளிய வந்தவனுக்கு ஒரு வேலை குடுத்திருந்தா?"

"அதான் அவனே பாத்துக்கிட்டானே, என் பூட்ட உடைக்கிற வேலை."

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பிச்சையாவே மன்னிச்சிட்டாரு, உங்களுக்கு என்ன?" என்றார். "பிச்சையாவுக்கு நியாயம் வேண்டாமா?" என்றார் அக்கா. எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. மூன்று ஓட்டில் இரண்டு இப்போதே விழுந்துவிட்டது தெரிந்தது. ஒரு மனிதரின் மூன்று வருடம் இப்போது என் ஓட்டில் தொங்கியது.

பரக்கத் நிஷா வந்து, வெற்றிலைக் காம்பு அகலத்தில் மூன்று கறுப்புப் பட்டைகளை மேசைமேல் வைத்தார். இவற்றைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஊரில் இல்லை. நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"காதுக்குப் பின்னால ஒட்டிக்கணும்" என்றார். "இது உங்க எண்ணத்தை மாத்தாது. ஒரு விஷயத்தைக் கேட்டதும் 'ஆமா, இதான் சரி'ன்னு உள்ளுக்குள்ள ஒரு அமைதி வருதுல்ல? அது உங்களுக்கு எதெதுக்கு வருதுன்னு இன்னைக்கு இது பதிஞ்சுக்கும். நாளைக்குப் பட்டைகளை மாத்திக்குவோம். அடுத்தவங்களுக்கு எதுக்கு அந்த அமைதி வருமோ, அதுக்கு உங்களுக்கும் வரும். ஒரே ஒரு நாள். புதன்கிழமை காலையில கழட்டிட்டு, சொந்தப் புத்தியோட ஓட்டு."

"மனசு மாறிருமா?" என்று அக்கா சந்தேகமாகக் கேட்டார்.

"பெரும்பாலும் மாறாதுக்கா. கத்துறது குறைஞ்சிருக்கு. முன்னெல்லாம் இந்த ரூமுல நாற்காலி உடையும்."

தனித்தனி அறையில் உட்காரவைத்து ஆளுக்கு முப்பது கேள்வி கேட்டார்கள். குற்றம் செய்தவனுக்கு வலிக்க வேண்டுமா? திருந்திவிட்டான் என்று யார் சொல்ல வேண்டும்? வறுமை ஒரு காரணமா, சாக்கா? ஒரு தடவை பதில் சொல்லி முடித்தேன். இதற்கப்புறம் நான் செய்த காரியத்தை உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்திதான் செய்ய முடியும். அங்கே எந்த மாதிரியையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுப்போம். ஒரு அளவீட்டோடு எழுந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். திரையில் 'மீண்டும்' என்ற பொத்தான் இருந்தது. கை தானாகப் போய் அழுத்தியது. இரண்டாம் தடவை பாதிக் கேள்விகளுக்குப் பதில் தலைகீழாக வந்தது. மூன்றாம் தடவை எது முதல் பதில் என்பதே மறந்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் விதிப் புத்தகத்தை வரிசையாகப் படித்தேன். ஏழாம் விதி: 'ஒரு முறை மட்டுமே பதிய வேண்டும். கருவி பழுதானாலன்றி மறுபதிவு கூடாது. மீறினால் விசாரணை செல்லாது.' செல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒன்பதாம் விதி சொன்னது. மனு வரிசையின் கடைசிக்குப் போகும். இப்போதைய வரிசையின் நீளம் பதினெட்டு மாதம்.

செவ்வாய்க்கிழமை முழு வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 'மேடம், ஒரு தவறு நடந்துவிட்டது.' சொன்னால் செலஸ்டின் ஒன்றரை வருடம் உள்ளே இருப்பார். சொல்லாவிட்டால் பொய்யான விசாரணையில் ஓட்டுப் போட்டவள் ஆவேன். வாசலில் 'சொல்' என்று இருந்த மனம் மாடிப்படியில் 'சொல்லாதே' ஆனது. வாயைத் திறக்கும் முன் சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். அண்ணாச்சியின் பட்டை அக்காவுக்கு. அக்காவின் பட்டை எனக்கு. என் பட்டை அண்ணாச்சிக்கு.

"பாவம் அண்ணாச்சி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"எனக்கென்னம்மா பாவம்? சின்னப் புள்ள மனசு, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று சொல்லி அவர் என் பட்டையை ஒட்டிக்கொண்டார். அடுத்து நாற்காலியில் உட்காரப் போனவர் நின்று, இந்த நாற்காலியா அந்த நாற்காலியா என்று பார்த்தார்.

அக்காவின் பட்டை என் காதுக்குப் பின்னால் ஒட்டியதும் நடந்ததை எப்படி எழுதுவது? ஒரு அறையில் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றதும்தான் அது எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரியும், அப்படி இருந்தது. திரும்பும்போது ஏறிய ஆட்டோ, ஓட்டுநர் இல்லாத வகை, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வழக்கமாக அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று பேசாமல் இருப்பேன். அன்று, "எதுக்குச் சுத்துத? நேரா போ" என்றேன். ஆட்டோ இரண்டு முறை மன்னிப்புக் கேட்டது. கடையில் சூம்பிய கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்தேன். மாலை வகுப்பில் 'சிறைத் தண்டனையின் நோக்கம்' பற்றிக் கேட்டதற்கு ஒரே பக்கம் எடுத்து அரைப் பக்கத்தில் எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். ஆசிரியர் பக்கத்தில் வந்து, "உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?" என்று கேட்டார்.

அதே பேனாவால் இன்னொரு தாளையும் எழுதினேன். 'விதி ஏழு மீறப்பட்டது. மீறியவள் நான். மூன்று முறை பதிந்தேன். விதிப்படி விசாரணை செல்லாது. காரணம் கேட்கப்படவில்லை, ஆகவே சொல்லவில்லை.' படம் பிடித்துக் குழு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். விதி இருக்கிறது, மீறினேன், சொன்னேன், அவ்வளவுதான். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

புதன் காலை ஒன்பது மணிக்குப் பரக்கத் நிஷா என் பட்டையை உரித்தார். அடுத்த நொடியே முந்தின நாள் அனுப்பிய தாள் நினைவுக்கு வந்தது. என்ன அனுப்பினேன்! யாரைக் கேட்டு அனுப்பினேன்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்!

பரக்கத் நிஷாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கையில் ஒரு மடித்த தாள் இருந்தது.

தங்கபுஷ்பம் அக்கா கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, உங்க பட்டையில என்ன கருமத்தத்தான் வச்சிருக்கீங்க? நேத்து கடையில ஸ்டூல் மேல ஏறி நின்னு, வேலை பாக்குற புள்ளைங்க முன்னால ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். உழைப்புக்கு ஓய்வு வேணுமாம். நானே சொல்லியிருக்கேன்! கைதட்டிட்டு ஞாயித்துக்கிழமை லீவு கேட்டாவ. குடுத்துட்டேன்."

"இப்ப பட்டைய கழட்டியாச்சே, திருப்பி வாங்கிருங்க" என்று சிரித்தார் பரக்கத் நிஷா.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் அக்கா.

அண்ணாச்சிதான் எங்களைத் திகைக்க வைத்தார். மெதுவாகப் பேசினார். "முப்பது வருஷமா மேடையில பேசுதேன். பதில்தான் சொல்லியிருக்கேன், ஒரு கேள்வி கேட்டதில்ல. நேத்து குளிக்கப் போனா, சுடுதண்ணியா பச்சத்தண்ணியான்னு பத்து நிமிஷம் நிக்கேன். வீட்டுக்காரி டாக்டரக் கூப்பிடவாங்கா. ஏம்மா நித்திலா, நீ எப்பவும் இப்படித்தான் இருக்கியா?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்படிம்மா காலந்தள்ளுத?"

அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். குளித்து முடித்ததும் வழக்குக் காகிதங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார். அதற்கு முன் படித்ததில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். 'பிச்சையா மன்னிச்சிட்டாரு' என்று திங்கட்கிழமை சொன்னோமே, யார் நம்மிடம் சொன்னார்கள் என்று யோசித்தால், யாரும் சொல்லவில்லை. அக்கா சொன்ன 'பிச்சையாவுக்கு நியாயம்', அதைப் பிச்சையாவிடம் யார் கேட்டார்கள்? அந்தக் காகிதங்களில் அதுவும் இல்லை. உடனே கடலோரத் திரேஸ்புரத்துக்குப் போய்ப் பிச்சையாவின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

"நீங்க உள்ள இருந்தப்ப தீ வச்சானான்னு கேட்டேன். 'வெளியதான் நின்னேன்'ங்காரு. கொட்டகை காலின்னு பாத்துட்டுத்தான் செலஸ்டின் பத்த வச்சிருக்கான். இவரு தீயப் பாத்துட்டு உள்ள ஓடியிருக்காரு. எதுக்கு? கேரம் போர்டை எடுக்க! ரெண்டு பேரும் இருபது வருஷமா சனிக்கிழமை தோறும் அந்தக் கொட்டகையிலதான் ஆடுவாங்களாம். 'போகாதீங்க'ன்னு கத்திட்டு, அவன்தான் இவர வெளிய இழுத்துப் போட்டிருக்கான்."

"இத ஏன் கோர்ட்டுல சொல்லல?" என்று அக்கா முன்னால் நகர்ந்தார்.

"நானும் அதான் கேட்டேன். 'உள்ள இருந்தீங்களான்னு கேட்டாவ. இருந்தேன்னு சொன்னேன். ஏன் போனீங்கன்னு ஒருத்தரும் கேக்கல'ங்காரு."

"அப்ப மன்னிச்சிட்டாரா?"

"அங்கதான் எனக்கு அடி. 'மன்னிச்சேன்னு எழுதிராதீய, நான் மன்னிக்கல'ன்னுட்டாரு. 'சோத்தப் பிசையும்போதெல்லாம் அவன் நெனப்புதான்'னாரு. சரி, இன்னும் மூணு வருஷம் உள்ள கிடக்கட்டுமான்னேன். 'அவன் உள்ள கிடந்தா என் விரலு மடங்குமா'ங்காரு. பின்ன என்னதான் வேணும்னேன். அதுக்கும் ஒண்ணு சொன்னாரு."

அண்ணாச்சி தன் கைப்படக் குறித்து வந்த சீட்டை எடுத்து வாசித்தார். "'அவன் இடதுகைக்காரன். வாராவாரம் வந்து எனக்கு எதிர்ல உக்காரட்டும். இடது கையால ஆட எனக்குக் கத்துக்குடுக்கட்டும். நான் என்னைக்கு அவன ஜெயிக்கேனோ, அன்னைக்கு அவன் தண்டனை முடிஞ்சுது.'"

அக்காதான் முதலில் கேட்டார். "அவன் வேணும்னே தோத்துட்டா?"

"அதையும் கேட்டேன் அக்கா! நானே கேட்டேன்!" என்று பெருமையாகச் சொன்னார் அண்ணாச்சி. "'இருபது வருஷம் எதிர்ல உக்காந்தவன், எனக்குத் தெரியாதா'ன்னாரு."

ஓட்டுத்தாளில் மூன்று கட்டங்கள் உண்டு: சிறை தொடரலாம், விடுவிக்கலாம், வெளிமாவட்டப் பணிக்கு அனுப்பலாம். அவற்றுக்குக் கீழே 'இதர நிபந்தனை' என்று ஒரு வெற்றுக் கோடு. பரக்கத் நிஷா அதைத் தொட்டுக் காட்டினார். "ஒன்பது வருஷமா இந்தத் தாளைக் குடுக்கிறேன். இதுல ஒருத்தர் கூட எழுதினதில்லை." பின்பு கையிலிருந்த தாளை விரித்தார். "அதுக்கு முன்னாடி, நேத்து சாயந்தரம் ஒரு கடிதம் வந்திருக்கு."

என் ஐந்து வரிகளையும் நிதானமாக வாசித்தார். நான் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விதிப்படி இது செல்லாது. பதினெட்டு மாசம்" என்றார். "ஒரே வழி இருக்கு. நடந்த பிழை தெரிஞ்சும் ஏத்துக்கிறோம்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டா நிக்கும். மூணு பேரும்."

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார். நானும் போட்டேன். தாள் தங்கபுஷ்பம் அக்காவின் முன்னால் போனது. அவர் அதை விட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஏட்டி, இது நீ எழுதினதா?"

"நான்தான் அக்கா. உங்க பட்டையோட."

"அதான் பாத்தேன். நான் எழுதியிருந்தா இப்படியேதான் எழுதியிருப்பேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்ல." கடிதத்தை மடித்தார், விரித்தார். "விதின்னா விதி."

"அக்கா, கொஞ்சம் மனிதாபிமானத்தோட…" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. உங்க மனிதாபிமானத்த நேத்து பூரா நான்தான் சுமந்தேன். இப்ப நான் என் புத்தியோட யோசிக்கணும்."

அக்கா ஒரு மக்ரூனைக் கையில் எடுத்து, தின்னாமல் திரும்ப வைத்தார்.

"நான் எல்லா இடத்துலயும் சொல்லுதது ஒண்ணே ஒண்ணு. தப்பு செஞ்சவன் அனுபவிக்கணும். இதுல தப்பு செஞ்சது யாரு? இந்தப் புள்ள. ஒன்றரை வருஷம் உள்ள இருக்கப்போறது யாரு? செலஸ்டின். இவ செஞ்ச தப்புக்கு அவன் உள்ள இருந்தா, நான் இத்தன நாளும் பேசுனதுக்கு என்ன அர்த்தம்?" பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "மனசு மாறிட்டேன்னு யாரும் வெளிய சொல்லக்கூடாது. மாறல."

"சொல்ல மாட்டோம்" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இன்னும் முடியல. இவளுக்குத் தண்டனை போடணும்."

"சின்னப் புள்ள அக்கா, கண்டிச்சு விட்டுரலாம்."

"வேணும் அண்ணாச்சி" என்றேன் நான். எப்படி அத்தனை வேகமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தண்டனையை அக்காவே தீர்மானித்தார். சனிக்கிழமை தோறும் நான் பிச்சையா வீட்டுக்குப் போய், ஆட்டத்தைப் பார்த்து, முடிவைப் பதிந்து அனுப்ப வேண்டும். செலஸ்டின் வேண்டுமென்றே தோற்றால் அந்த வெற்றி செல்லாது, அவருக்கு ஒரு மாதம் சிறை. பிச்சையா நேர்மையாக ஜெயித்த அன்று நிபந்தனை முடியும். என் தண்டனையும் முடியும். பிச்சையா கேட்டதையே மூன்று பேரும் எங்கள் ஓட்டாக 'இதர நிபந்தனை'யில் எழுதினோம்; அந்த வெற்றுக் கோடு போதாமல் தாளின் பின்பக்கத்துக்கும் போனது.

சம்மதமா என்று கேட்க செலஸ்டினை அழைத்துவந்தார்கள். ஒல்லியான மனிதர், நெற்றியில் பாதி நரை. நிபந்தனையைப் பரக்கத் நிஷா வாசித்ததும் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு கவலை.

"இடது கையால அவரு என்னைய ஜெயிக்கணுமா மேடம்?"

"ஆமா."

"அதுக்குப் பேசாம அந்த மூணு வருஷத்தையே குடுத்துருங்க. வலது கை நல்லா இருந்தப்பவே இருபது வருஷத்துல மொத்தம் நாலு தடவதான் ஜெயிச்சிருக்காரு."

அக்கா சிரித்த சத்தத்தில் வெளியிலிருந்த காவலர் கதவைத் திறந்து பார்த்தார்.

முதல் சனிக்கிழமை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிச்சையாவின் முன்னறையில் புதுப் போர்டு ஒன்று முக்காலிமேல் இருந்தது. பழையது எரிந்துவிட்டதாம். செலஸ்டின் எதிரில் உட்கார்ந்து, பவுடரைத் தூவி, காய்களை அடுக்கினார். பார்வையைப் போர்டைவிட்டு எடுக்கவில்லை. பிச்சையா தன் வலது கையைத் தூக்கிப் போர்டின் நடுவில், காய்களின் மேலேயே வைத்தார். தோல் இழுத்துக்கொண்டு, விரல்கள் நண்டுக்கால் மாதிரி வளைந்து நின்றன.

"பாரு."

செலஸ்டின் பார்த்தார்.

"நல்லா பாத்துட்டியா? இனி ஆடலாம்" என்று கையை எடுத்துக்கொண்டார். கலைந்த காய்களைச் செலஸ்டின் மறுபடி அடுக்கினார். அதற்கே கால் மணி நேரம் ஆனது.

அன்று பிச்சையாவின் ஸ்ட்ரைக்கர் மூன்று தடவை போர்டைத் தாண்டிப் பறந்தது. ஒரு தடவை என் தேநீர்க் குவளையில் விழுந்தது. பதிவுத்தாளில் 'செலஸ்டின் வெற்றி. ஸ்ட்ரைக்கர் கழுவப்பட்டது' என்று எழுதினேன். நான்காம் வாரம் செலஸ்டின், "சுண்டு விரல ஊனிக்கோங்க, மணிக்கட்டத் தளர்த்துங்க" என்று முதல்முறையாக வாய் திறந்தார். ஏழாம் வாரம் பிச்சையா, "வாய மூடுல, எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டேதான் ஆடினார்கள், பெரும்பாலும் திட்டு.

அக்காவும் அண்ணாச்சியும் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒருவர் மக்ரூன் கொடுக்க வந்தேன் என்பார், மற்றவர் இந்தப் பக்கம் ஒரு வேலை என்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து வாதாடுவார்கள்.

"பாத்தீங்களா அக்கா? கம்பி இல்ல, பூட்டு இல்ல. மனுஷன் திருந்துதான்."

"திருந்துதானா? தான் கெடுத்த கையை வாராவாரம் ரெண்டு மணி நேரம் பாத்துட்டு உக்காருதான். ஜெயில்ல அந்தக் கையப் பாத்தானா? இதுக்குப் பேருதான் அண்ணாச்சி தண்டனை."

"நீங்க சொல்லுதது நான் சொல்லுததுதான்."

"ஒருக்காலும் இல்ல."

என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்கள். ஸ்ட்ரைக்கரைக் கவனிக்க வேண்டும் என்று தப்பித்துக்கொள்வேன். அது உண்மையும்கூட. செலஸ்டினின் ஒவ்வொரு அடியையும் அப்படிக் கவனித்தேன். ஒரு வாரம்கூட அவர் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. விட்டுக்கொடுக்காமல் ஆடுபவரை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கும்போது, அது ஒரு மரியாதை மாதிரி தெரிந்தது.

பத்தொன்பதாம் சனிக்கிழமை. ஐந்து மணி வெயில் போர்டின்மேல் சாய்ந்திருந்தது. ரெட்டையும் அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயையும் பிச்சையா முன்பே எடுத்துவிட்டார். செலஸ்டினுக்கு மூன்று காய் பாக்கி. பிச்சையாவுக்கு ஒன்று. அது குழியின் வாயில் நின்றது, ஊதினாலே விழும். ஜன்னலோரத்தில் அக்காவும் அண்ணாச்சியும் பரோல் சட்டத் திருத்தம் பற்றிச் சண்டையில் இருந்தார்கள். பிச்சையா இடது கையை ஊன்றினார். கல்லில் செதுக்கிய மாதிரி அசையாத கை. சுண்டினார்.

ஸ்ட்ரைக்கர் காய்க்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய்ச் சட்டத்தில் மோதித் திரும்பியது.

"கை நடுங்கிருச்சு" என்றார்.

செலஸ்டின் தன் மூன்று காய்களையும் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அடுத்த சனி நாலு மணிக்கா?"

"மூணரைக்கு வா. வெளிச்சம் இருக்கையிலேயே ரெண்டு ஆட்டம் கூட ஆடலாம்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றே தோற்கக் கூடாது என்ற நிபந்தனையில் நாங்கள் எழுதியது செலஸ்டினின் பெயரை மட்டும்தான். பிச்சையா வேண்டுமென்றே தோற்றாலும் தண்டனை நீள்கிறது. அவனை விடக்கூடாது என்று நீட்டுகிறாரா, அவன் வராமல் போய்விடக் கூடாது என்று நீட்டுகிறாரா? ஜன்னலோரம் கேட்டால் இரண்டு பதிலும் கிடைக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பார்த்ததைப் பார்த்தபடி அனுப்பினால், பரக்கத் நிஷா இதைப் பிச்சையாவின் வெற்றியாக எடுத்துக்கொண்டு, அன்றே செலஸ்டினுக்கு முழு விடுதலை கொடுத்துவிட முடியும்.

தெருமுனையில் செலஸ்டினைப் பிடித்தேன். "அண்ணே, அவரு வேணும்னேதான் விட்டாரு. நீங்களும் பாத்தீங்கதானே?"

"மூணு வாரமா விடுதாரு" என்றார் செலஸ்டின். "மொத வாரம் நானும் உங்கள மாதிரித்தான் முழிச்சேன்."

"நான் எழுதிட்டா உங்க தண்டனை இன்னையோட முடிஞ்சிரும். எழுதட்டுமா?"

அவர் சில அடி நடந்தார். வலைகளை உலர்த்தியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து, சிரித்தார்.

"எழுதிட்டா, அடுத்த சனிக்கிழமை நான் எங்க போவேன் தங்கச்சி?"